எட்டு மணி அப்பேல்

முத்தியால்பேட்டை பெர்பேத்துவம்மாள் பெண்கள் போர்டிங்கின் வருகைப் பதிவேட்டில், எட்டாம் வகுப்பு மெரின் செத்து அடக்கமான பிறகும் இருபத்தாறு நாள் ஆஜராகியிருக்கிறாள். பதிவேடு இன்னும் இருக்கிறது. நீல மையில், கட்டத்துக்கு ஒரு டிக், ஒரு நாள் விடாமல். டிக் போட்டவள் வார்டன் அகஸ்டினா. அவள் கைக்கு வந்ததை எழுதுகிறவள் இல்லை. பெயரைக் கூப்பிட்டாள், பதில் வந்தது, போட்டாள். கிட்டே வந்து உட்காருங்கள் பிள்ளைகளே, பயப்படுகிற சங்கதி ஒன்றும் இதில் இல்லை. கனமான சங்கதி இருக்கிறது, அதை நாலு பேராகச் சேர்ந்து கேட்டால்தான் தாங்கும்.

அகஸ்டினா கருவடிக்குப்பத்துக்காரி. கல்யாணம் கட்டவில்லை. முப்பத்தொன்றாவது வயதில் போர்டிங்குக்கு வந்தவள், அங்கேயே இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாள். அவள் பொறுப்பில் பெரிய ஹால், அதில் நாற்பத்தாறு கட்டில். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பேல் எடுப்பது அவள் வேலை. பெயர் கூப்பிட்டு ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஊரில் அப்பேல் என்று பெயர். பிரெஞ்சுக்காரன் போய் அறுபது எழுபது வருஷம் ஆகியும் போர்டிங்கில் அந்த வார்த்தை போகவில்லை. பிள்ளைகள் சொல்லும் பதிலும் போகவில்லை. "ப்ரெசான்" என்பார்கள், இருக்கிறேன் என்று அர்த்தம். அகஸ்டினா முதலில் எல்லாம் கட்டில் கட்டிலாகப் போய், முகத்தைப் பார்த்து, நெற்றியில் புறங்கையை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்றும் பார்த்துத்தான் டிக் போடுவாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு ஜூனில் சிஸ்டர் லியோனி போர்டிங்குக்குத் தலைவியாக வந்தார். ஒரு சங்கத்தார், கரண்டை மிச்சம் பிடிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கேடயம் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். அப்போது போர்டிங்கில் மாதம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் யூனிட் ஓடியது. சிஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. படிப்பு ஹாலில் ஒன்று விட்டு ஒன்றாக ட்யூப்லைட்டைக் கழற்றினார்கள். பத்துப் பெண்கள் கீழே இருந்தால்தான் ஃபேன் ஓடலாம் என்றார்கள். இஸ்திரிப் பெட்டிக்கு வாரத்தில் ஒரு நாள். வராந்தா, குளியலறை வழி, பின்பக்கப் படிக்கட்டு எல்லாவற்றிலும் இருந்த பல்புகளை அரிகிருஷ்ணன் ஏணி போட்டு இறக்கி, அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணித்து ஆபீஸில் வைத்தான். அரிகிருஷ்ணன் அங்கே பைப்பு, ஒயர், பூட்டு எல்லாம் பார்க்கிற ஆள். "மின்மினிப்பூச்சி உள்ள வந்தாகூட புடிச்சி அணைக்கச் சொல்லுவாங்க போல," என்று சமையல்கட்டில் சொல்லிவிட்டுச் சிரித்தான். ஏழிலிருந்து எட்டரை வரைக்கும் இருட்டு நேரம் என்று வைத்தார்கள். அந்த நேரத்தில் ஜெபமாலை, பாட்டு, அப்பேல். ஆபீஸைத் தவிர எங்கும் ஒரு விளக்கும் எரியாது. பிள்ளைகளுக்கு அது ஆரம்பத்தில் விளையாட்டாக இருந்தது. இருட்டில் யார் சிரித்தது என்று தெரியாது பாருங்கள். "ஏய் மெரின், வாய மூடுடி, உன் பல்லு வெளிச்சத்துக்கே பாயிண்டு போயிடும்," என்று அடுத்த கட்டில் ஜாஸ்லின் சொல்ல, ஹாலே உருண்டது.

பாயிண்டு என்பது விளையாட்டு இல்லை. எந்த ஹாலில் வீணாக ஸ்விட்ச் போட்டாலும் அந்த ஹாலுக்கு பாயிண்டு குறையும். போட்டவள் கழுத்தில் சிஞ்ஞால் ஏறும். சிஞ்ஞால் ஒரு மரத்துண்டு. பிரெஞ்சு காலத்தில் வகுப்பில் தமிழ் பேசிவிட்ட பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்களாம்; அடுத்து ஒருத்தி தப்பு செய்கிற வரைக்கும் அவள் சுமக்க வேண்டும். பழைய அலமாரியில் கிடந்ததை சிஸ்டர் லியோனி எடுத்துத் துடைத்து, புதுக் கயிறு போட்டு, கரண்ட் குற்றத்துக்கு மாற்றிவிட்டார். அதை மாட்டிக்கொண்டவள் டார்ச் கேட்பதுகூடக் கேவலம் என்று பிள்ளைகளே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் வைத்த சட்டத்தைவிடப் பிள்ளைகள் வைக்கிற சட்டம் கெட்டி.

இருட்டில் முகம் பார்த்து அப்பேல் எடுக்க முடியாதே என்று மற்ற வார்டன்கள் முனகியபோது, வழி சொன்னவள் அகஸ்டினா. ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நாற்பத்தாறு பெயரும் அவளுக்கு மனப்பாடம். கூப்பிடுவாள், காதால் ஆளைப் பிடிப்பாள், பிறகு ஆபீஸில் எரியும் ஒரே விளக்கில் பதிவேட்டை நிரப்புவாள். பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்தது. இருமலை வைத்தே காய்ச்சலைச் சொல்லுவாள். மெரின் எப்போதும் மூக்கடைப்போடு, "ப்ரெசான் மிஸ்ஸ்" என்று கடைசி எழுத்தை இழுப்பாள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சிஸ்டர் லியோனி அகஸ்டினாவை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னார். அந்தக் கைதட்டல் அவளுக்கு இனித்தது, இல்லை என்று சொன்னால் பாவம். அடுத்த வருஷம் மீட்டர் மாதம் எழுநூறு யூனிட்டில் வந்து நின்றது.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஆகஸ்ட் ஒன்பது, வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாம் சனி, வீட்டுக்குப் போகிற நாள். ஏழேகாலுக்கு மழை பிடித்தது. மெரினின் இரண்டு யூனிஃபார்மும் மொட்டை மாடிக் கொடியில் இருந்தன. முந்தின நாள் ஃபேனை நிறுத்தாமல் வந்ததற்காக அவள் கழுத்தில் சிஞ்ஞால் இருந்தது. டார்ச் கேட்காமல் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினாள். ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. துணியோடு இறங்கும்போது ஈரப் படியில் கால் போய்விட்டது. படிக்கட்டின் அடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் மறைவு ஒன்று உண்டு, அங்கே போய் விழுந்தாள். மழைச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு அகஸ்டினா அப்பேல் எடுத்தாள். மெரின் என்று கூப்பிட்டதும் முப்பத்தொன்றாம் கட்டிலிலிருந்து, மூக்கடைப்போடு, "ப்ரெசான் மிஸ்ஸ்" என்று வந்தது.

மறுநாள் காலையில் பாதிப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மெரின் அரியாங்குப்பத்துக்கு அம்மாவிடம் போயிருப்பாள் என்று இருந்தவர்கள் நினைத்தார்கள். அம்மா ஜோசெத் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. ஷிப்டு மாறி மாறி வரும், அதனால்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலேயே வீடு இருந்தும் பெண்ணைப் போர்டிங்கில் விட்டிருந்தாள். பெண் இந்த வாரம் வரவில்லை, படிக்கிறாள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். சனிக்கிழமை அப்பேலிலும் பதில் வந்தது, ஊருக்குப் போகவில்லை போலிருக்கிறது என்று இருட்டில் நினைத்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசை முடிந்து, பெஞ்சு ஒன்றை எடுக்கப் போன அரிகிருஷ்ணன்தான் பார்த்தான். இரண்டு யூனிஃபார்மையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். துணி பூசணம் பூத்திருந்தது.

எப்போது போச்சு உயிர் என்று டாக்டர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஈரத் தரை, குளிர்ந்த இடம், ஒன்றும் எழுத முடியாது என்றார்கள். ஒரு சின்ன டாக்டர் மட்டும் அகஸ்டினாவைத் தனியாகக் கூப்பிட்டு, சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்கூட இருந்திருக்கலாம் என்று சொன்னார், அதையும் எழுதவில்லை. எழுத்தில் இருந்தது பதிவேடு ஒன்றுதான். அது சனிக்கிழமை எட்டு மணிக்குப் பெண் கட்டிலில் இருந்ததாகச் சொன்னது. அப்படியானால் ஞாயிறு விடிகாலையில், சட்டத்தை மீறி, தானாக மாடிக்குப் போய் விழுந்திருக்கிறாள் என்று முடிவானது. யூனிஃபார்ம் இரண்டும் அழுக்குத்துணியோடு வெளுக்கப் போய்விட்டன, அவள் கையில் அவை இருந்ததை யாரும் எழுதவில்லை. சிஸ்டர் லியோனி கெட்டவர் இல்லை. நூற்று நாற்பது பெண்கள் இருக்கிற இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார், அந்த நினைப்பு மட்டுமே அவரிடம் இருந்தது. அடக்கத்தன்று ஜோசெத் அகஸ்டினாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வெள்ளிக்கெழம எம்பொண்ணு சாப்ட்டாளா மிஸ்?"

"சாப்ட்டா."

"என்னா போட்டாங்க?"

"சேமியா. ரெண்டாந்தரமும் வாங்கிக்கிட்டா."

அந்தப் பொய் அகஸ்டினாவின் வாயில் தானாக வந்தது. மெரினின் தட்டு வெள்ளிக்கிழமை காய்ந்தபடியே அடுக்கில் இருந்ததை ஜாஸ்லின் பார்த்திருந்தாள். கட்டிலில் போர்வை மடித்தது மடித்தபடி இருந்ததையும் அவள்தான் வந்து சொன்னாள். "அவ படுக்கவே இல்ல மிஸ். ஆனா பேசுனா. எங்காதுகிட்டதான் பேசுனா," என்றாள். அன்று, திங்கட்கிழமை, மண் போட்டுவிட்டு வந்த கையோடு அகஸ்டினா அப்பேலுக்கு உட்கார்ந்தாள். பழக்கத்தில் அந்தப் பெயரையும் கூப்பிட்டுவிட்டாள். பதில் வந்தது. மற்ற பிள்ளைகள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அடுத்த பெயருக்கு உரியவள் தன் முறைக்குப் பதில் சொன்னாள்.

இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்தது. ஒன்பது பேர் தங்கள் பெண்களை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள், நல்ல பிள்ளைதானே, யாரை என்ன செய்யப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். புதன்கிழமையிலிருந்து ஜோசெத் வந்தாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஏழரை மணிக்கே வந்து முப்பத்தொன்றாம் கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்காருவாள். அந்த ஒரு சொல்லைக் கேட்பாள். வேறு என்ன கேட்டாலும் பதில் இல்லை. அம்மா கூப்பிட்டாலும் இல்லை. அப்பேலில் அகஸ்டினா கூப்பிட்டால் உண்டு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. கேட்டுவிட்டுப் புடவையை உதறி எழுந்து போவாள்.

விசாரணைக்கு அனுப்பப்பட்ட இளஞ்செழியன் என்ற அதிகாரியும் ஒரு நாள் வந்து இருட்டில் உட்கார்ந்து கேட்டார். நிதானமான மனிதர். கேட்டதைக் கேட்டபடி கோப்பில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது அகஸ்டினாவிடம், "இவ்ளோ ஒழுங்கா டெய்லி பதில் சொல்ற பொண்ணு, ஒம்பதாந்தேதி மட்டும் பொய் சொல்லியிருக்குமா? உங்க ரிஜிஸ்டர் கரெக்டுதாம்மா," என்றார். பதிவேட்டின் பக்கங்களில் அவர் முத்திரை விழுந்தது. ஆகஸ்ட் முப்பதாம் தேதி போர்டிங்குக்குக் கேடயமும் வந்தது.

அகஸ்டினா அந்த நாட்களில் சோறு தின்றதாக யாரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை எழுந்து ஒரு தரம் முகம் பார்த்திருந்தால் பெண்ணைத் தேடியிருப்பார்கள், படிக்கட்டுக்கு அடியில் உயிரோடு எடுத்திருப்பார்கள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதிவேட்டில் அடிக்க வேண்டும். ஆப்சான், இல்லை, என்று எழுத வேண்டும். அப்படி எழுதிவிட்டால் அந்தப் பெண் அப்புறம் பதில் சொல்லுமா? நீங்களே சொல்லுங்கள், பெத்தவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரு சொல்லையும் எந்தக் கையால் அடிப்பது? அதனால் வாயை மூடிக்கொண்டு டிக் போட்டாள். அவள் டிக் போடப் போட அரியாங்குப்பத்தில் பேச்சு வளர்ந்தது. பதின்மூன்று வயசுப் பெண், விடியாத நேரத்தில், மாடிக்கு எதற்குப் போகும்? யாரைப் பார்க்க? முதலில் தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள், பிறகு கோயில் வாசலில் கேட்டார்கள். பிரான்ஸில் வேலையில் இருந்த அப்பன், க்சாவியே என்று பெயர், அடக்கம் முடிந்த பிறகு வந்துவிட்டுப் போனவன், போனில் அதையே கேட்டான். பெண்ணை என்னடி வளர்த்தே என்றான். ஒரு நாள் அப்பேல் முடிந்து எழுந்த ஜோசெத், இருட்டில் கட்டிலைப் பார்த்து, "என்னாத்துக்குடி ஏறுன? எங்கிட்ட மட்டும் சொல்லுடி," என்று கேட்டதை அகஸ்டினா கேட்டாள். அது செப்டம்பர் ஆறு.

மறுநாள் காலை அகஸ்டினா பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். ஜோசெத் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அகஸ்டினா உட்காரவில்லை.

"வெள்ளிக்கெழம நான் அவள பாக்கல ஜோசெத். கொரலத்தான் கேட்டேன். லைட்டு இல்ல."

ஜோசெத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "சேமியா சாப்ட்டான்னீங்க."

"சாப்புடல. தட்ட தொடல."

"எவ்ளோ நேரம் கெடந்தா?"

"சனிக்கெழம மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்திருக்கலாம்னாங்க. நான் எழுந்து பாத்திருந்தா வந்திருப்பா."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜோசெத் அதை மூடினாள்.

"என்னாத்துக்கு ஏறுனா?"

"மழ வந்துச்சி. துணி எடுக்க. ரெண்டு யூனிஃபார்மும் கையில இருந்துச்சி."

ஜோசெத் அகஸ்டினாவை அடிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். "எம்பொண்ணு மழைக்கு துணி எடுக்கப் போனா," என்றாள். அடுத்த வீட்டில் தட்டினாள், அதையே சொன்னாள். தெருவில் முப்பத்தாறு வீடு, ஒன்றையும் விடவில்லை. பூட்டியிருந்த வீட்டுக் கதவிலும் சொன்னாள். குழாயடியில் நின்றவர்களிடம் தனித்தனியாகச் சொன்னாள். யாருடைய ஆறுதலுக்கும் அவள் நிற்கவில்லை. திரும்பி வரும்போது தொண்டை கட்டிப்போயிருந்தது. அகஸ்டினா நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். பதிவேட்டைத் திறந்து காட்டி, இதை அடித்தால் குரல் நின்றுபோனாலும் போகும் என்றாள்.

"எழுதுங்க," என்றாள் ஜோசெத்.

அகஸ்டினா சிவப்பு மையில் இருபத்தெட்டு டிக்கையும் அடித்தாள். அடக்கத்துக்கு முந்தின இரண்டும் பிந்தின இருபத்தாறும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆப்சான் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டங்களில் கையெழுத்து கோணிப்போயிருக்கிறது. பதிவேட்டை அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தாள். கோப்பு திருத்தப்பட்டது, பெண் மேல் தப்பில்லை என்று எழுத்தில் வந்தது. அந்த மாதமே அகஸ்டினாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சிஸ்டர் லியோனி அட்டைப்பெட்டியைத் திறந்து, அரிகிருஷ்ணனைக் கூப்பிடாமல் தானே நாற்காலி போட்டு ஏறி, பின்படிக்கட்டிலிருந்து ஒவ்வொரு பல்பாக மாட்டினார். மாட்டி முடித்த வாரம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். மீட்டர் இரண்டாயிரத்தைத் தாண்டியது. புது வார்டன் வெளிச்சத்தில் முகம் பார்த்து அப்பேல் எடுத்தாள். முப்பத்தொன்றாம் கட்டிலில் குரல் இல்லை. ஜோசெத் மூன்று நாள் வந்து பார்த்தாள், பிறகு வரவில்லை.

வீட்டில் அவள் கூப்பிடாத விதமில்லை. செல்லப் பெயரால் கூப்பிட்டாள், முழுப் பெயரால் கூப்பிட்டாள். வார்டன் மாதிரி வகுப்பையும் எண்ணையும் சேர்த்து அதட்டியும் பார்த்தாள். நான்கு மாதம் அப்படிப் போயிற்று. ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுநாள், கருவடிக்குப்பத்தில் அகஸ்டினா வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜோசெத் இறங்கவில்லை. உள்ளே உட்கார்ந்தபடியே, "வாங்க, வந்து கூப்புடுங்க," என்றாள்.

"நாந்தான் ஆப்சான்னு எழுதிட்டனே. என் வாய்க்கு எப்டி பதில் சொல்லுவா?"

"அங்கதான ஆப்சான். எங்க ஊட்ல எவளும் எழுதல."

அன்று எட்டு மணிக்கு, அரியாங்குப்பத்தில், ட்யூப்லைட் எரிகிற முன்னறையில், அகஸ்டினா நடுவில் நின்று, எட்டாம் வகுப்பு, முப்பத்தொன்று, மெரின் என்று கூப்பிட்டாள். ஜன்னலோரத்தில், மெரின் லீவுக்கு வந்தால் படுக்கும் கட்டில் பக்கமிருந்து மூக்கடைப்போடு பதில் வந்தது. ஜோசெத் போய் அந்தக் கட்டிலின் போர்வையைச் சரிசெய்தாள். அகஸ்டினாவை உட்காரச் சொல்லவில்லை. தண்ணீரும் கொடுக்கவில்லை. நாளைக்கும் என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து தினமும் ஏழே காலுக்கு அகஸ்டினா பஸ் ஏறுகிறாள். ஊரடங்கு வந்தபோது பாலத்தில் தடுப்பு வைத்துவிட்டார்கள். போனில் கூப்பிட்டுப் பார்த்தார்கள், போனுக்குப் பதில் வரவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். முன்னெச்சரிக்கையாக, தடுப்பு வைப்பதற்கு முந்தின நாளே ஜோசெத் அவளைக் கூட்டி வந்திருந்தாள் என்றும் சொல்கிறார்கள். எப்படியோ எழுபது நாளுக்கு மேல் அகஸ்டினா அந்த வீட்டிலேயே இருந்தாள். ஜோசெத் சமைத்தாள், அவள் பாத்திரம் கழுவினாள், இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அகஸ்டினா வகுப்பை ஒன்று ஏற்றிக் கூப்பிட்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று. குரலும் அதற்குத் தக்கபடி தடித்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் மூக்கடைப்பு சரியாகிவிட்டது. இப்போது வகுப்பு இல்லை, எண் இல்லை, பெயர் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் டிவியில் சீரியல் மாற்றுகிறார்கள். கண்டக்டர் அவளிடம் ஊர் கேட்பதில்லை, டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்.

ஜோசெத் இன்னும் அவளை மன்னிக்கவில்லை. மன்னித்ததாக அகஸ்டினாவும் எண்ணிக்கொள்ளவில்லை. போன மாதம் அகஸ்டினாவுக்குக் காய்ச்சல் வந்து கால் மூட்டெல்லாம் வீங்கிப்போயிற்று. ஜோசெத்தே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனாள். எட்டு மணிக்கு நிற்க முடியாமல் அகஸ்டினா சுவரைப் பிடித்தாள். ஜோசெத் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அந்த நாற்காலியை அவள் பிறகு எடுக்கவில்லை. அது முன்னறையின் நடுவில் இருக்கிறது, வருகிற போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.